இன்னைக்கு எப்படி?

பாளையங்கோட்டையில் இரண்டு பேராலயங்கள் இருக்கின்றன. ஒன்று முருகன்குறிச்சியில், ஊர் ஊசிக்கோபுரம் என்று அழைக்கும் தூய திரித்துவப் பேராலயம். மிஷனரி ரேனியஸ் காலத்தில், 1826-இல் எழுந்தது. இன்னொன்று கத்தோலிக்கரின் சவேரியார் பேராலயம். இரண்டு சபைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் மாதா சொரூபம், போப், பாவசங்கீர்த்தனம், சாமியாருக்குக் கல்யாணம் உண்டா இல்லையா என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைகூட அடுக்கிவிடும். ஆணுறையை யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் வந்து, விளக்கை அணைத்த பிறகும் கூடவே இருக்கிற வித்தியாசம் அது ஒன்றுதான்.

1930 கோடையில் லண்டனில் லாம்பெத் மாநாட்டில் கூடிய ஆங்கிலிக்கன் ஆயர்கள், தக்க காரணம் இருந்தால் தம்பதிகள் செயற்கைக் கருத்தடையை நாடலாம் என்று பல நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று போப் பதினோராம் பயஸ் ரோமிலிருந்து கூடவே கூடாது என்று சுற்றுமடல் விட்டார். திருநெல்வேலி அப்போது ஆங்கிலிக்கன் மறைமாவட்டம். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) சேர்ந்தது. சி.எஸ்.ஐ. வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என் பெரியம்மா மகள் இதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. கத்தோலிக்கத்திலேயே இருந்த நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ரோம் முழுக்க வழியடைத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1951 அக்டோபரில் இத்தாலிய மருத்துவச்சிகளிடம் பேசிய பன்னிரண்டாம் பயஸ், நியாயமான காரணம் இருக்கிற தம்பதிகள் கரு தங்காத நாள்களில் மட்டும் சேர்வது குற்றமில்லை என்றார். வேடிக்கை என்னவென்றால் அதே ஆண்டின் கடைசியில்தான் நம் மத்திய அரசும் இதே வழியைத் தேர்ந்து பார்த்தது. சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், காந்தியோடு வாழ்ந்தவர். கருவிகளும் மருந்துகளும் அவருக்கு ஒவ்வாதவை. உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக ஆபிரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க மருத்துவர் வரவழைக்கப்பட்டார். டெல்லி லோதி காலனியிலும் மைசூர் ராமநகரத்திலும் பெண்களுக்கு நிறமணி மாலைகள் கொடுத்து, எந்த நிறத்தில் சேரலாம், எதில் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். மணியை நகர்த்த மறந்தவர்களும் உண்டு, கழுத்தில் கிடந்தாலே போதும் என்று இருந்தவர்களும் உண்டு. மணியை நகர்த்தும் வேலை எந்தக் கணவனுக்கும் கொடுக்கப்படவில்லை என்பதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதாக நான் படிக்கவில்லை.

அரசு அதோடு அந்த வழியை விட்டது. சென்னை மாநிலம் 1956-இலேயே அறுவை செய்துகொள்பவர்களுக்கு ரொக்கம் கொடுக்கத் தொடங்கியது. அதற்கும் இருபதாண்டு முன்பே பெரியாரின் இயக்கம் ‘கர்ப்ப ஆட்சி’ என்று ஒரு நூலே போட்டிருந்தது. நாட்டின் வறுமைக்காகவோ குடும்பப் பொருளாதாரத்துக்காகவோ அல்ல, பெண்ணின் விடுதலைக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்பது அவர் கட்சி. கத்தோலிக்கத் திருச்சபை இந்தத் திசையிலிருந்து கேள்வியைப் பார்க்கவே இல்லை. அதனால்தானோ என்னவோ, அதன் கையில் இருந்த முறையின் உண்மையான வலு எது என்பது அதற்கே பிடிபடவில்லை.

1968 ஜூலை 25 தேதியிட்ட ‘ஹுமானே வீத்தே’ மடலில் ஆறாம் பவுல் பழைய தீர்ப்பையே உறுதி செய்தார். அதற்கு முன் அவர் கையில் ஒரு ஆணையத்தின் அறிக்கை இருந்தது. 1963-இல் இருபத்திமூன்றாம் யோவான் சின்னதாகத் தொடங்கிய ஆணையம், பிறகு பெருத்தது, மூன்று தம்பதிகளும் அதில் இடம்பெற்றார்கள். மேலே இருந்த கர்தினால்கள், ஆயர்கள் குழுவில் பம்பாயின் வலேரியன் கிரேஷியஸ் பெயரும் உண்டு. சிகாகோவின் பாட்ரிக், பாட்டி க்ரௌலி தம்பதியர் பல நாட்டுக் கத்தோலிக்கத் தம்பதிகளிடமிருந்து கடிதங்கள் திரட்டிக் கொண்டுபோனார்கள். நாள் பார்த்து நாள் பார்த்து வீட்டுக்குள் அன்பே வறண்டுபோகிறது என்று விசுவாசத்தில் குறையில்லாத பெண்கள் எழுதியிருந்தார்கள். 1966-இல் ஆணையத்தின் பெரும்பான்மை, விதியைத் தளர்த்தலாம் என்றது. போப் கேட்கவில்லை.

இத்தனையும் எனக்குப் பின்னாளில் தெரிந்தவை. தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணத்துக்கு முன் பயிற்சிக்குப் போனபோது எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம். ஒரு சிஸ்டர் கரும்பலகையில் வரிசையாக வட்டங்கள் போட்டு, நடுவில் சிலவற்றை மட்டும் சாக்பீஸால் நிரப்பினார். ஆறு மாதக் கணக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே குறுகிய சுழற்சியில் 18-ஐக் கழியுங்கள், நீண்டதில் 11-ஐக் கழியுங்கள். 26 நாளும் 31 நாளும் என்றால் எட்டாம் நாளிலிருந்து இருபதாம் நாள் வரை விலகி இருக்க வேண்டும். ஜப்பானின் ஒகினோ, ஆஸ்திரியாவின் க்னாஸ் என்ற இரு மருத்துவர்கள் 1920-களில் தனித்தனியே கண்டதிலிருந்து வந்த கணக்கு அது. மாப்பிள்ளைமார் எல்லாரும் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெபமாலை பற்றிய வகுப்பு. சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது.

தொல்காப்பியம் கற்பியலில் இதே நாள்களைப் பற்றி ஒரு விதி உண்டு. பரத்தையிடம் போயிருக்கும் தலைவன்கூட, மனைவி பூப்பெய்திய பின் பன்னிரண்டு நாள் அவளை விட்டு விலகி இருக்கக் கூடாது என்கிறது. பிள்ளை வேண்டிச் சொன்ன விதி. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 32 மணிகள் கோத்துக் கொண்டுவந்த மாலையும் எட்டாம் நாள் முதல் பத்தொன்பதாம் நாள் வரை பன்னிரண்டு நாளைத்தான் குறித்து வைக்கிறது. எண்ணத் தொடங்கும் இடம் வேறு, நோக்கமும் நேர் எதிர். ஆனால் இலக்கண ஆசிரியருக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. விதியை அவர் பெண்ணுக்குச் சொல்லவில்லை, ஆணுக்குச் சொன்னார்.

நாங்கள் குடியிருந்தது வி.கே.புரத்தில். அவருக்கு மில்லில் வேலை, எனக்குப் பள்ளிக்கூடம். மேற்கே பொதிகை, எட்டிப் பிடித்தால் பாபநாசம். வீட்டில் ஒரு அறை, ஒரு பட்டாசாலை, அத்தை. முதல் பிள்ளையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று முடிவெடுத்ததற்குப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை; கொழுந்தனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. மாதக் காலண்டரில், பால் கணக்கு எழுதுகிற மூலையில், பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தேன். அத்தை ஒருநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: “ஏளா, பால்காரன் இந்த மாசம் இத்தன நாளா வரல?”

கணக்கு மட்டும் பார்த்தால் ஓடாது என்று எங்களுக்குச் சொன்னவர் ஒரு வயதான நர்ஸ் சிஸ்டர். உடம்புக்குக் காலண்டர் தெரியாது. பரீட்சைத்தாள் திருத்துகிற மாதம், காய்ச்சல் வந்த மாதம், சாவு வீட்டுக்குப் போய்த் தூக்கம் கெட்ட மாதம் எல்லாவற்றிலும் முட்டை தன் நாளை மாற்றிக்கொள்ளும். மெல்போர்னில் நரம்பியல் மருத்துவரான ஜான் பில்லிங்ஸ் 1953-இல் ஒரு பாதிரியார் கேட்டுக்கொண்டதற்காகத் தொடங்கி, பிறகு மனைவி ஈவ்லினையும் சேர்த்துக்கொண்டு வகுத்த முறையை அந்த சிஸ்டர்தான் சொல்லிக் கொடுத்தார். மாதவிலக்கு நின்றபின் சில நாள் வறட்சி. பிறகு ஒரு ஈரம், கலங்கலாக, ஒட்டுகிற மாதிரி. அப்புறம் அது தெளிந்து, பச்சை முட்டையின் வெள்ளைக் கரு போல வழுவழுவென்று இரண்டு விரலுக்கு நடுவில் நூலாக இழுபடும். அந்தக் கடைசி வழுவழுப்பு நாளை ஒட்டித்தான் முட்டை வெளியாகிறது. முட்டைக்கு ஆயுள் ஒரு நாளுக்குள். ஆணின் விந்தணு அந்த ஈரத்தில் ஐந்து நாள்வரை உயிரோடு காத்திருக்கும். வழுவழுப்பு நின்று மூன்று நாள் கழித்து நான்காம் நாள் முதல் கவலையில்லை. விடியற்காலை எழுந்திருக்கும் முன் வெப்பமானி வைத்துப் பார்த்தால், முட்டை வெளியான பிறகு உடல் வெப்பம் ஒரு செல்சியஸ் டிகிரியில் பத்தில் இரண்டு மூன்று பங்கு ஏறியே நிற்கும். சித்திரை வெயிலில் ஃபேன் நின்று வேர்த்துப்போய் விழிக்கிற எங்கள் ஊரில் அந்தச் சின்ன ஏற்றத்தை நம்புவதற்குத் தனி விசுவாசம் வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்த ஈரம் ஒரு நோய். வெள்ளை படுது என்றால் உடம்பு உருகுது, எலும்பு கரையுது என்று பொருள். எனக்கும் வயதுக்கு வந்த காலத்திலிருந்து அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். சோற்றுக்கற்றாழையும் வெந்தயமும் மாறி மாறித் தின்றிருக்கிறேன். அரிப்பும் நாற்றமும் உள்ள வெள்ளை வேறு, அதற்கு மருத்துவரிடம் போக வேண்டும். மாதத்தின் நடுவில் வருகிற இந்தத் தெளிந்த ஈரம் வேறு, இது சுகத்தின் அடையாளம் என்று சிஸ்டர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. பி.எட். முடித்து, உயிரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் நான். தவளையின் இனப்பெருக்க மண்டலத்தைப் போர்டில் வரைந்து பாகம் குறிக்கத் தெரியும். திருச்சபை எனக்குக் கொடுத்ததிலேயே பெரிய கொடை என்று நான் நினைப்பது இந்த ஒரு அறிவைத்தான். அதைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்து அவர்கள் கொடுக்கவில்லை என்பது வேறு.

பெங்களூரையும் ஒரு மையமாகக் கொண்டு, ஆக்லாந்து, டப்ளின், மணிலா, எல் சால்வடோரின் சான் மிகேல் ஆகிய ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைச் சோதித்து 1981-இல் முடிவை வெளியிட்டது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் முதல் மாதத்திலேயே தங்கள் ஈரத்தின் போக்கை அடையாளம் கண்டுவிட்டார்கள்; படிப்பு அதற்குத் தடையாக இல்லை. விதி பிசகாமல் நடந்தால் ஆண்டில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் கருவுற்றார்கள். ஆனால் மொத்தக் கணக்கில் கருவுற்றவர்கள் ஏறக்குறைய இருபது பேர். நடுவில் இருக்கிற அந்தப் பதினேழு பேரில் பெரும்பாலோர், இது கரு தங்கும் நாள் என்று தெரிந்தே சேர்ந்தவர்கள். அறியாமையினால் வந்தது அல்ல. எது என்று எல்லாருக்கும் தெரியும், ஆராய்ச்சி அறிக்கைகள் அதை நாகரிகமாகத் தாண்டிப் போய்விடும்.

அன்னை தெரசா 1979 டிசம்பரில் ஆஸ்லோவில் நோபல் உரை ஆற்றும்போது, கல்கத்தாவின் ஏழைகள் இயற்கை முறையைக் கடைப்பிடித்து ஆறு ஆண்டுகளில் 61,273 பிறப்புகள் குறைந்தன என்று கடைசி எண் பிசகாமல் சொன்னார். பிறக்காத பிள்ளைகளை இத்தனை துல்லியமாக எண்ணியது யார் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தப் பெண்களின் கணவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு அதைவிடத் தெரிய வேண்டியிருந்தது.

என் கணவர் முதலில் கேட்கவில்லை. காலண்டரைப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். கோபம் வந்தால் என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிடுவார். “டீச்சர் கையெழுத்துப் போட்டாத்தான் லீவு போல” என்பார். அவருக்கு நைட் ஷிப்டும் எனக்கு விலகல் நாளும் ஒன்றாக விழுந்தால் பரிசுத்த ஆவியின் செயல் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம்; எல்லா மாதமும் அப்படி விழாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்ணுடம்புக்கும் ஆசை மிகுவது அந்த வழுவழுப்பு நாள்களில்தான். விலகு என்று முறை சொல்வதும் அதே நாள்களில்தான். இயற்கை முறை என்று பெயர் வைத்தவருக்கு மனைவி இருந்திருக்க முடியாது.

சந்தேகமும் வந்தது. ஈரம் இன்னும் இருக்கிறது என்று நான் சொன்னால் அதற்குச் சாட்சி நான் ஒருத்திதான். களைப்பில் ஒரு நாளைக் கூட்டிச் சொல்ல எந்தப் பெண்ணுக்கும் தோன்றும். கூட்டித்தான் சொல்கிறாளோ என்று எந்த ஆணுக்கும் தோன்றும். “நெசமாத்தானா?” என்று அவர் கேட்ட இரவுகளில் எங்களுக்குள் நடந்த சண்டைகள், காசுக்கு நடந்த சண்டைகளைவிட மோசமானவை. பிறகு எப்போது மாறினார் என்று நாள் குறித்துச் சொல்ல என்னால் முடியாது. காலண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சாப்பிட்டுக் கை கழுவும்போது தணிந்த குரலில் “இன்னைக்கு எப்படி?” என்று கேட்கத் தொடங்கினார். நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டார். தேவனை விசுவசிப்பது பெரிதல்ல, அவரை யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் படுத்திருக்கிற பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்கிற சொல்லை மறு கேள்வி இல்லாமல் நம்புவது எங்கள் ஆண்களுக்கு அதைவிடக் கடினம்.

ஆம்பளையால் அடங்கி இருக்க முடியாது என்பது பொய். தாமிரபரணிக் கரையில் கார்த்திகை பிறந்தால் எத்தனை பேர் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள், குலசேகரன்பட்டினம் தசராவுக்கு எத்தனை பேர் காப்புக் கட்டி வேடம் போடுகிறார்கள், தவக்காலத்தில் எங்கள் பங்கிலேயே எத்தனை பேர் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள். அத்தனை பேரும் விரதம் இருக்கத் தெரிந்தவர்கள். மாலை போட்டவரை ஊர் சாமி என்று கூப்பிடுகிறது. பென்சில் புள்ளிக்காக விலகிப் படுக்கிறவரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, அவருக்கு ஒரு மரியாதையும் கிடையாது.

இரண்டாவது மகள் பால்குடிக் காலத்தில் வந்தவள். முழுக்கத் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிலக்கு திரும்பாமல், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமலும் இருந்தால் கரு தங்குவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு என்று 1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் வகுத்துச் சொன்னார்கள். மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். மூத்தவளுக்கு எட்டு மாதம், குழைசாதம் ஊட்டத் தொடங்கியாகிவிட்டது. முதல் மாதவிலக்குக்கு முன்பே முதல் முட்டை வந்துவிடும் என்பதை ஊரில் யாரும் சொல்வதில்லை. “பால்குடி மாறலையே ளா” என்று அத்தை ஆச்சரியப்பட்டார்கள்.

பிரசவ வார்டில், தையல் போட்ட வலி அடங்கும் முன் படிவம் வந்துவிட்டது. “ரெண்டு ஆயிட்டுல்லா, அப்படியே பண்ணிட்டுப் போயிரு” என்றார் வார்டில் இருந்த அக்கா. அதட்டலில்லை, அக்கறைதான், அந்த வார்டில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். வாசலில் நின்ற என் கணவர் உள்ளே வந்து, “வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்” என்றார். வேதத்தையோ போப்பையோ அவர் இழுக்கவில்லை. ஒரு ஆம்பளை அப்படிச் சொல்லி அந்த அக்கா அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது, படிவத்தை மடித்துக்கொண்டு இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். எங்களுக்கு மூன்றாவது பிறக்கவில்லை.

இதைச் சாட்சியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வீட்டில் இருந்தவளும் எங்கள் பங்குதான், எங்களைவிட ஒழுங்காகப் பூசைக்கு வருகிறவள். அவள் புருஷன் டாஸ்மாக்கிலிருந்து வருகிற இரவுகளில் காலண்டரில் எந்தப் புள்ளியும் செல்லாது. அவள் தாய்வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தாள். பிறகு பல மாதம் நன்மை (நற்கருணை) வாங்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் பாவம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்த வீட்டில் இயற்கை முறை என்று ஒன்று இருக்கவே முடியாது. அதற்கு வேண்டிய முதல் பொருள், கேட்கிற கணவன், அங்கே இல்லை.

அவள் தனியாள் அல்ல. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறக்குறைய 58 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் அது ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை, இத்தனைக்கும் ஆணுக்கு அது சின்ன வேலை. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை என்ற நிலைக்கு மாநிலம் இப்படித்தான் வந்து சேர்ந்தது. கத்தோலிக்க வீடுகளிலும் இரண்டு பிள்ளைதான். எப்படி இரண்டோடு நின்றது என்று பீடத்திலிருந்தும் கேட்பதில்லை, பெஞ்சிலிருந்தும் சொல்வதில்லை. இப்போது அரசியல் மேடைகளில், மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதி குறைந்துவிடும், அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று பேச்சு வந்திருக்கிறது. பெற்றுக்கொள் என்றாலும் நிறுத்து என்றாலும் இவர்கள் பேசுவது பெண்ணைப் பார்த்துத்தான்.

பங்குச் சாமியார்களிடம் எனக்குக் கேட்க ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டு வாழ்நாள் முழுக்கக் கணக்குக் கேட்பது நியாயமில்லை. இந்த முறையை விதியாக வைத்திருக்கிறவரை, அதை ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கும் கடமையும் உங்களுடையது. கல்யாணம் முடிந்த பின் மூன்று மாதமாவது, வாழ்ந்து பார்த்த ஒரு தம்பதியை வைத்து நடத்துங்கள். முதல் வகுப்பை மாப்பிள்ளைமாருக்கு மட்டும் வையுங்கள், அட்டவணையையும் பென்சிலையும் அவர்கள் கையில் கொடுங்கள். அதற்கு முடியாது என்றால், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்களை முன்னால் வந்து நன்மை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.